கரடிக்கு மூன்றாவது குட்டி

அத்தியாயம் ஆறு

சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இரண்டு குட்டிகளோடு இருந்த கரடிக்கு, திங்கட்கிழமை காலையில் மூன்று குட்டிகள் இருந்தன.

"குழந்தைங்க ஆஸ்பத்திரிதானே அக்கா? ஒரு பிரசவம் நடந்திருக்கு. இதுக்குப் போய் நம்மளைக் கூப்பிடணுமா?" என்றான் வாயாடி, ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டபடி.

"பிரசவத்துக்கு வேற ஆஸ்பத்திரி. இங்க ஊசியும் அழுகையும் மட்டும்தான். ஹெல்மெட்டைக் கழட்டு, வாயை மூடு," என்றாள் லக்கேஜ் அக்கா.

லக்கேஜ் அக்கா என்ற பெயர் சும்மா வரவில்லை. ரயில் நிலையத்தில், தவறவிட்ட சாமான்களைத் திருப்பிக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவள். குடை, டிபன் கேரியர், பல் செட், ஒரு தடவை கல்யாண மாப்பிள்ளையின் ஒற்றை ஷூ என்று எல்லாம் அவள் கையால் போயிருக்கிறது. எவன் நிஜமாகவே தொலைத்தவன், எவன் அடுத்தவன் பெட்டிக்கு அடிபோடுகிறவன் என்று முகத்தைப் பார்த்தே சொல்வாள். ஓய்வு பெற்ற மறு வாரமே வாசலில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டிவிட்டாள். வாயாடி அவளுடைய சித்தி மகன். நாற்பது வயதுக்குள் ஏழு வேலை பார்த்து, ஏழையும் வாயால் கெடுத்துக்கொண்ட மகானுபாவன். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழோடு நின்றுபோயிற்று.

காத்திருக்கும் ஹாலில் புதுப் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. சுவர்கள் பளிச்சென்று வெள்ளை. எடை பார்க்கும் மெஷின், டோக்கன் பெட்டி, பெஞ்சுகள் எல்லாவற்றையும் நடுவில் இழுத்துப் போட்டிருந்தார்கள். நோயாளிகளைப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டு, டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைச் சாட்டை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள். பெஞ்சில் போர்டு பெயின்டர். பக்கத்தில் அவர் மனைவி, அழுது ஓய்ந்த முகம்.

"இவர்தான்," என்றாள் டாக்டரம்மா, வணக்கம்கூடச் சொல்லாமல். "சனி, ஞாயிறு ரெண்டு நாளும் சுவருக்கு வெள்ளை அடிச்சது இவர். சாவி இவர்கிட்ட. வெளிய போர்டு எழுத கறுப்புப் பெயின்ட்டும் இவர்கிட்ட. போன வாரமே எங்கிட்ட, 'கரடிக்கு மூக்கு சரியில்ல டாக்டர், ஒரு டச் கொடுக்கட்டுமா'ன்னு கேட்டார். உங்க வேலையைப் பாருங்கன்னு கத்திட்டேன். அந்தக் கோபத்துல குட்டியை வரைஞ்சு வச்சுட்டார்!"

"மூக்கைக் கேட்டவரு குட்டியை எதுக்குங்க வரையணும்?" என்றான் வாயாடி.

டாக்டரம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஊசி போடுவதற்கு முன்னால் பார்க்கிற பார்வை.

"எங்கம்மா தினமும் பன்னெண்டு மணிக்கு மாடியிலேர்ந்து இறங்கி வருவாங்க. அவங்க கண்ணுல இது படக்கூடாது. அதுக்குள்ள இவர் உண்மையை ஒத்துக்கிட்டுக் குட்டியை அழிக்கணும். இல்லேன்னா போலீஸ்தான்."

மணி பதினொன்றே கால். பெயின்டரின் மனைவி எழுந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊர்ல எல்லாரும் சாவியை நம்பிக் குடுத்துட்டுப் போற மனுஷன்மா இவரு. போலீஸ் படியேறினான்னு பேர் வந்துச்சுன்னா அப்புறம் எந்த வீட்டுல உள்ள விடுவாங்க?"

அக்கா அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் படத்தின் முன்னால் போய் நின்றாள்.

ஆள் உயரத்துக்கு அகலமான எண்ணெய் வர்ணப் படம். கண்ணாடி கிடையாது, மரச்சட்டம் மட்டும். புல்வெளியில் ஒரு தாய்க்கரடி. முதுகு மயிரைக் கெட்டியாகப் பிடித்தபடி இரண்டு குட்டிகள் சவாரி போகின்றன. தாய் முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி நிற்கிறது. தலை பின்பக்கம் திரும்பியிருக்கிறது. அது பார்க்கிற இடத்தில், புல்லுக்குள், மூன்றாவது குட்டி. கொழுக்மொழுக்கென்று, ஒரு பாதத்தைத் தூக்கிக்கொண்டு, 'என்னையும் ஏத்திக்கோ' என்று கெஞ்சுகிற மாதிரி.

டாக்டரம்மா மேஜையிலிருந்து ஒரு நோயாளி அட்டையை எடுத்து நீட்டினாள். அட்டையின் முகப்பில் அதே படம் அச்சாகியிருந்தது. கரடி, முதுகில் இரண்டு குட்டி. பின்னால் வெறும் புல்.

"நான் பார்த்த நாள்லேர்ந்து இப்படித்தான் இருக்கு. இருபத்திமூணு வருஷம்! எங்கம்மா வரைஞ்சது. ரெண்டு குட்டி. நானும் எங்க அண்ணனும். ரெண்டே பேர்தான் நாங்க."

"அப்போ கரடி எதுக்குத் திரும்பிப் பார்க்குது?" என்றாள் அக்கா.

"வேட்டைக்காரன் வர்ற சத்தம் கேக்குது. குழந்தைங்க கேட்டா அப்படித்தான் சொல்வேன்."

"வேட்டைக்காரன் வந்தா ஓடாதா?"

"ஓடத்தான் காலைத் தூக்கியிருக்கு."

"முகத்தைப் பாருங்க டாக்டர். பயந்த முகமா அது? ஸ்கூல் பஸ் வந்தப்புறமும் ஷூ லேஸ் கட்டிட்டிருக்கிற பிள்ளையைப் பார்க்கிற அம்மா முகம்."

வாயாடி உற்றுப் பார்த்தான். அட, ஆமாம். அவனுடைய அம்மாவே தினமும் காலையில் அப்படித்தான் நின்றிருக்கிறாள். இருந்தாலும் அக்காவை மடக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. "அக்கா, குட்டியைப் புதுசா வரையறவனும் கரடி எங்க பார்க்குதோ அங்கதானே வரைவான்? கழுத்துக்குப் பின்னாடியா வரைவான்?"

"நல்ல கேள்வி. நீ கேட்டதுதான் ஆச்சரியம்," என்றாள் அக்கா. "குட்டியைத் தொட்டுப் பாரு."

தொட்டான். விரலைப் பார்த்தான். சுத்தமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை பொறந்த குட்டி. அதுக்குள்ள காஞ்சு போச்சா? ஏங்க பெயின்டரே, இந்தப் பெயின்ட் காய எவ்வளவு நாளாகும்?"

பெயின்டர் முதல் தடவையாக நிமிர்ந்தார். "எண்ணெய் வர்ணமா? இந்தக் கனத்துக்கு நாலு நாளாவது ஒட்டும்மா."

"நீங்கதான் வரைஞ்சீங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார். மனுஷனுக்கு உள்ளுக்குள் பெரிய போராட்டம் நடந்தது. "எனக்கு... இந்த அளவுக்கு வராதும்மா."

"என்னது?" என்றாள் மனைவி. "என்ன வேணா வரைவேன்னு கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பாகிட்ட சொன்னீங்களே!"

"எழுத்துன்னா எழுதுவேன். அம்புக்குறி போடுவேன். செருப்புக் கடைக்குச் செருப்பு வரைவேன். இந்தக் குட்டியோட மயிரைப் பாரு, ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது. இதை நான் வரைஞ்சிருந்தா ஒளிச்சா வைப்பேன்? ஊரையே கூட்டியிருக்க மாட்டேனா?"

வாயாடிக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, இவர் நிரபராதி என்று. தப்பிக்கிறதுக்காகப் பொய் சொல்கிறவனைப் பார்த்திருக்கிறான். தப்பிக்கிறதுக்காக மனைவி எதிரில் இப்படி ஒரு உண்மையைச் சொன்னவனை அவன் பார்த்ததே இல்லை.

அதற்குள் பெயின்டர் தொழில் சூட்டில் படத்துக்குப் பக்கத்தில் போய்விட்டார். "இங்க பாருங்கம்மா, விரிசல். பழைய சுவர்ல விழுமே, அந்த மாதிரி. தாய்க்கரடி தோள்ல ஆரம்பிச்சு, வயித்து வழியா வந்து, குட்டி முதுகுல போய் முடியுது. நடுவுல விடவே இல்ல. நேத்து அடிச்ச பெயின்ட்டுல எப்படிம்மா பழைய விரிசல் விழும்?"

"டாக்டர் கேட்டுக்குங்க," என்றாள் அக்கா. "குட்டிக்கு அம்மா வயசுதான்."

"கரடி விடாதீங்க!" என்று சீறினாள் டாக்டரம்மா. "சனிக்கிழமை இல்லாத குட்டி, திங்கட்கிழமை எப்படிப் பழசாகும்?"

அக்கா ஹாலைச் சுற்றி நிதானமாக ஒரு நடை நடந்தாள். பெஞ்சைத் தடவினாள், தீயணைக்கும் சிலிண்டரைப் பார்த்தாள், டோக்கன் பெட்டியைத் தூக்கினாள். வாயாடியும் கூடவே நடந்தான். எங்கே பார்த்தாலும் வெள்ளைச் சொட்டு. பெயின்டர் கை சுத்தம் அவ்வளவுதான் போலிருக்கிறது.

"படத்தை மூடாமலா அடிச்சீங்க?"

"பேப்பர் ஒட்டினேம்மா. பாதியிலேயே கழண்டு விழுந்துடுச்சு."

"சட்டத்துல அஞ்சு சொட்டு இருக்கு," என்றாள் அக்கா. "பெஞ்சுல இருக்கு, சிலிண்டர்ல இருக்கு, எடை மெஷின்ல இருக்கு. படத்துல மட்டும் ஒண்ணுகூட இல்ல. சொட்டுக்குக் கண்ணு இருக்கா, கரடியைப் பார்த்து ஒதுங்கிப் போறதுக்கு?"

அக்கா குட்டியின் காலடியில் இருந்த புல்லைக் குனிந்து பார்த்தாள். பிறகு, ரயில்வேயில் ரசீதுப் புத்தகம் புரட்டிய பழக்கத்தில், கட்டைவிரலை நாக்கில் தொட்டு அந்தப் புல்லில் ஒரு தேய் தேய்த்தாள்.

"ஐயோ அக்கா! எச்சிலா? ஆதாரத்து மேலயா?"

அக்கா விரலைத் தூக்கிக் காட்டினாள். பச்சை. புல் போன இடத்தில் குட்டியின் சுண்டு நகம் ஒன்று எட்டிப் பார்த்தது.

"குட்டியை யாரும் வரையல டாக்டர். புல்லைத்தான் யாரோ வரைஞ்சிருக்காங்க. எண்ணெய் வர்ணக் குட்டி மேல, தண்ணி பட்டா போற வர்ணத்துல புல்லு. அது இருபத்திமூணு வருஷம் கழிச்சு நேத்துத் தண்ணி பட்டுப் போயிடுச்சு. தம்பி, பின்னாடி கொடியில துணி காயும், போய்ப் பாரு."

வாயாடி போகவே வேண்டியிருக்கவில்லை. அதுவரைக்கும் கதவோரம் பெருக்குமாறோடு நின்ற ஆயாம்மா, பெருக்குமாறைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். அந்த ஆஸ்பத்திரி திறந்த இரண்டாவது மாசத்திலிருந்து அங்கே வேலை பார்ப்பவள்.

"நான்தாம்மா துடைச்சேன்! நேத்து சாயங்காலம் கூட்ட வந்தா, படம் பூரா வெள்ளைச் சொட்டு. பாவம் இந்த மனுஷனுக்குத் திட்டு விழுமேன்னு துணியை நனைச்சுத் துடைச்சேன். சொட்டு போச்சு. கூடவே புல்லும் போச்சு. உள்ளேர்ந்து ஒரு கண்ணு என்னையே பார்க்குதும்மா! பயந்து போய் இன்னும் அழுத்தித் துடைச்சேன். முழுக் குட்டியே வந்துடுச்சு!"

"அவரைக் கூட்டிட்டு வந்து உட்கார வச்சிருக்கேன், நீ வாயைத் திறக்கலையே!" என்றாள் டாக்டரம்மா.

"பன்னெண்டு அடிக்கிறதுக்குள்ள சொல்லிடணும்னுதான் பெருக்கின எடத்தையே பெருக்கிட்டிருந்தேன். பெரியவர் எத்தனை தடவை சொல்லியிருக்கார்! 'ஆஸ்பத்திரியே தீப்பிடிச்சாலும் அந்தப் படத்துல தண்ணி படக்கூடாது, காஞ்ச துணிதான்'னு. உங்கப்பா வாக்கை மீறிட்டேனே, வேலை போயிடுமேன்னு..."

பெயின்டரின் மனைவி புருஷன் தோளில் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். வாயாடி ஜம்பமாகக் கைகளைத் தட்டிக்கொண்டான். கேஸ் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். ஆனால் அக்கா நகரவில்லை.

"டாக்டர், ஒண்ணு சொல்லட்டுமா? என் ஜன்னலுக்கு ஆளுங்க வருவாங்க. 'என்ன தொலைச்சீங்க'ன்னுதான் கேப்பேன். எத்தனைன்னு கேக்க மாட்டேன். சில பேர் மட்டும், 'ரெண்டு பெட்டிதான்மா, ரெண்டே ரெண்டுதான்'னு தானாச் சொல்வாங்க. அவங்களுக்கு மூணாவது ஒண்ணு கட்டாயம் இருக்கும். நீங்களும் நான் கேக்காமலே சொன்னீங்க. ரெண்டே பேர்னு."

டாக்டரம்மாவின் கையிலிருந்த ஸ்டெதஸ்கோப் தொங்கிப்போயிற்று. கோபம் வடிந்த முகத்தில் பயம்தான் மிச்சமிருந்தது. "எங்கம்மா தாங்க மாட்டாங்க," என்றாள் மெதுவாக. "தெரிஞ்ச எவனோ எங்க வீட்டுக் கதையைக் கேலி பண்றான்னு நினைச்சேன். தயவுசெஞ்சு மறுபடியும் மூடிடச் சொல்லுங்க. அம்மா இறங்கி வர்றதுக்குள்ள..."

"இறங்கிட்டேன்," என்றது ஒரு குரல்.

கடைசிப் படியில் டாக்டரம்மாவின் அம்மா, பெரிய டாக்டர், நின்றிருந்தாள். எழுபத்து நாலு வயது, ஒல்லி, கையில் தடி. மணி பன்னிரண்டு ஆகப் பத்து நிமிஷம். கீழே ஆயாம்மா போட்ட ஓலத்துக்கு யார்தான் நேரம் பார்ப்பார்கள்!

அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் படத்திடம் போனாள். மூன்றாவது குட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்தாள்.

"வந்துட்டியாடா," என்றாள்.

அப்புறம் திரும்பினாள். "யார் துடைச்சது?"

ஆயாம்மா பாதி உயிரோடு கையைத் தூக்கினாள்.

"உனக்கு இருபத்திமூணு வருஷமா, ஒரு ஈரத்துணி கிடைக்க?" என்று சொல்லிச் சிரித்தாள் பெரிய டாக்டர். சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

அவள்தான் சொன்னாள். கடைக்குட்டி டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தான். பாதியில், 'எனக்குக் கத்தி பிடிக்கத்தான் பிடிக்கும், ஆனா வெங்காயம் நறுக்க' என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கப்பலில் சமையல்காரனாகப் போய்விட்டான். அப்பா ஆல்பத்திலிருந்து அவன் படங்களை எடுத்தார். எனக்கு ரெண்டே பிள்ளைங்க என்றார். ஆஸ்பத்திரி திறந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள், புதுப் படத்தைப் பார்த்திருக்கவேயில்லை. குட்டியை இன்றைக்கே அழி என்றார்.

"அழிக்கிறேன்னு ஏணி போட்டு ஏறினேன். எண்ணெய் வர்ணத்தால மூடினா அவ்வளவுதான், குட்டி நிஜமாவே போயிடும். குழந்தைங்க பூசுற வர்ணத்தை எடுத்து, ஒட்டணுமேன்னு கொஞ்சம் சோப்பு கலந்து, புல்லு போட்டேன். தண்ணி பட்டா போற புல்லு. அவருக்கு என்ன தெரியும், மருந்துச் சீட்டு தவிர? ஆனா கண்டுபிடிச்சிருக்கார் மனுஷன்! அதான் தண்ணி படக்கூடாதுன்னு சட்டம் போட்டிருக்கார். போய்ச் சேர்ந்து நாலு வருஷமாச்சு, பிடிவாதம் இன்னும் போகல பாரு."

"அம்மா, நீங்க அவனை நினைச்சு நினைச்சு உடைஞ்சிடுவீங்கன்னுதான் நான் பேச்சே எடுக்கறதில்ல," என்றாள் டாக்டரம்மா. சொல்லி முடித்தவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அவன் நல்லாத்தான் இருக்கான். துறைமுகத்துல சாப்பாட்டுக் கடை. வாரம் ஒரு தடவை பேசுவேன்."

"நீயா?" பெரிய டாக்டரின் தடி தரையில் தட்டியது. "உனக்கு அவன் மேல கோபம்னு நினைச்சு, நான் பல் டாக்டரைப் பார்க்கப் போறேன்னு சொல்லிட்டு வெளிய போய்ப் பேசிட்டிருக்கேன், பதினஞ்சு வருஷமா!"

"அதான் பல்லுல ஒண்ணுமே இல்லாம அவ்வளவு தடவை போனீங்களா!"

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமை அவனும் பேசுவான்னு நினைக்கிறேன்."

வாயாடி அக்காவின் காதில் கிசுகிசுத்தான். "அக்கா, இந்த வீட்டுல குட்டியை ஒளிச்சு வைக்காத ஆளே இல்ல போலிருக்கே."

"ஃபோனைப் போடு," என்றாள் அக்கா.

அம்மாவும் மகளும் ஒரே சமயத்தில் நம்பரை ஒப்பித்தார்கள், ஒரு எண்கூடப் பிசகாமல். பக்கத்தில் டோக்கன் மேஜையில் இருந்த ஆஸ்பத்திரி ஃபோனிலேயே வாயாடி அதை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரைத் தட்டினான்.

மூன்றாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் பாத்திரச் சத்தம். அப்புறம் அந்தச் சத்தமும் விலகி, கதவு சாத்தப்படுவது கேட்டது.

"இந்த நம்பரா?" என்றது ஒரு ஆண் குரல். "நாலு வருஷமா வரலையே... யாரு பேசறது?"

பெரிய டாக்டர் ஃபோனை நோக்கிக் குனிந்தாள். "அம்மாடா. நாலு வருஷத்துக்கு முன்னாடி இந்த நம்பர்லேர்ந்து உன்கிட்ட யாரு பேசினது?"

டாக்டரம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட சொல்லாதேன்னு அப்பா சொன்னார்மா," என்றான் அவன். "மாசம் ஒரு தடவை. அஞ்சு நிமிஷம் பேசுவார். மழை பெய்யுதா, கடையில கூட்டம் இருக்கா, அவ்வளவுதான். வாடான்னு சொல்ல அவருக்கு வாய் வரல. வர்றேன்னு சொல்ல எனக்கும் வரல."

"மருந்துக் கம்பெனிக்குப் பேசணும்னு இந்த ஹால் கதவைச் சாத்திக்குவார்," என்றாள் பெரிய டாக்டர், யாரிடமும் இல்லாமல். "எந்தக் கம்பெனிக்காரன் மழை பெய்யுதான்னு கேப்பான்? எனக்கு உறைக்கவே இல்லையே."

"படத்தைப் பத்தி மட்டும் ஒவ்வொரு தடவையும் சொல்வார்மா. 'உங்கம்மா கெட்டிக்காரி, துடைச்சா போற மாதிரிதான் உன்னை மூடியிருக்கா. நான் ஒரு சொட்டுத் தண்ணி படாம பார்த்துக்கறேன். நீ வர்ற அன்னைக்கு உன் கையாலதான் துடைக்கணும்'னு."

பெயின்டர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோளெல்லாம் வெள்ளை அப்பிக்கொண்டது. வாயாடி மூக்கை உறிஞ்சினான். வெறும் பெயின்ட் வாசனை என்று சொல்லிக்கொண்டான்.

ஆயாம்மாதான் தாங்க முடியாமல் கத்தினாள். "தம்பி, நான் துடைச்சுட்டேன்பா! தெரியாம நானே துடைச்சுட்டேன்!"

ஃபோனில் ஒரு சிரிப்பு, அழுகையோடு கலந்து. "போச்சா! அப்போ இனிமே நான் வந்து என்ன பண்றது? எனக்கு அங்க என்ன வேலை இருக்கு?"

பெரிய டாக்டர் நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். முதுகில் இரண்டு, புல்லில் ஒன்று, தூக்கின கால் தூக்கினபடி.

"ஏறிக்கிறதுதான் வேலை," என்றாள். "இருபத்திமூணு வருஷமா ஒரு காலைத் தூக்கிக்கிட்டே நிக்கறேன்டா. கால் வலிக்குது. சீக்கிரம் வா."